ஏழாவது பள்ளம்

சென்ற வருடம் புரட்டாதி மாதம், ஒட்டுசுட்டானுக்கு உள்ளே இருக்கும் எங்கள் ஊர்ச் சிறுகுளத்தின் மண்கட்டின் மேல் நடந்தது இது. காலபோகம் என்னும் மாரிக்கால நெல் விதைப்புக்கு மூன்று வாரமே இருந்தது. அந்தக் குளத்தை நம்பி முப்பத்தெட்டுக் குடும்பங்களும் தொண்ணூற்றிரண்டு ஏக்கர் வயலும் இருக்கின்றன. ஆனால் குளக்கட்டு எவருடைய சொந்தக் காணியும் அல்ல. அதனால்தானோ என்னவோ, அது பழுதாவதைப் பற்றி என்னைத் தவிர ஒருவருக்கும் கவலையில்லை.

பள்ளிக்கூடம் விட்டதும் பதினொரு பிள்ளைகள் குளக்கட்டில் ஏறிவிடுவார்கள். உரப்பைக்குள் வைக்கோலைத் திணித்து, அதில் குந்திக்கொண்டு வயற்பக்கச் சரிவில் சறுக்குவார்கள். வெறுமனே சறுக்கினாலும் பரவாயில்லை. வழுக்க வேண்டும் என்பதற்காகக் குளத்துத் தண்ணீரை வாளியில் அள்ளிச் சரிவில் ஊற்றுவார்கள்! கட்டு கரையாமல் இருக்க நாங்கள் நட்ட புல் சேற்றோடு சேர்ந்து உரிந்து வரும். அரசாங்க அலுவலகங்களில் கணக்கெழுதும் எழுதுவினைஞனாக முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவன் நான். இவ்வளவு துணிச்சலான அநியாயத்தை எந்தக் கந்தோரிலும் கண்டதில்லை.

ஒருநாள் தடியோடு போனேன்.

“கணக்கப்பு வாறார், ஓடுங்கோ!” என்று காவலுக்கு நின்ற சிறுமி கத்தினாள். எனக்கு அப்படி ஒரு பட்டப்பெயர் இருப்பது அன்றுதான் தெரிந்தது. பத்துப் பேர் ஓடிவிட்டார்கள். ஒருவன் மட்டும் உரப்பையைக் கட்டிப்பிடித்தபடி நின்றான்.

“ஐயா, இது அரசாங்கத்துக் காணிதானே? உங்கட இல்லையே?”

“ஆருடையதும் இல்லையெண்டால் உடைக்கலாமோடா?”

“உடைக்கேல்லை ஐயா. சறுக்கிறம்.”

இந்தப் பதிலோடு ஊர் விவசாயிகளின் கமக்காரர் அமைப்பின் தலைவரிடம் போனேன். “சின்னப் பிள்ளையள்தானே அண்ணை, விடுங்கோ” என்றார். மாரிவெள்ளமும் சின்னப் பிள்ளைகள் என்று பார்த்து ஒதுங்கிப் போகுமா?

மறுநாள் காலை, அளவுநாடாவும் கொப்பியுமாகக் கட்டின் அடிவாரம் முழுவதும் நடந்தேன். மொத்தம் ஏழு பள்ளங்கள். மருதமரத்தடியில் இருந்த ஏழாவதுதான் மிக மோசம்: இரண்டடி ஆழம், நாலரையடி அகலம். எல்லாவற்றையும் எழுதி எடுத்துக்கொண்டு காலபோகக் கூட்டத்தில் எழுந்து வாசித்தேன். பிள்ளைகளின் பெற்றோரே ஏழு பள்ளங்களையும் நிரப்ப வேண்டும் என்றேன். அதோடு நின்றிருக்கலாம். பதினொரு பேரில் ஒன்பது பேர் கீழ்த்தெருப் பிள்ளைகள் என்றும், வளர்ப்பு அப்படி என்றும் சொன்னேன். கீழ்த்தெருவில் இருப்பவர்கள் மலையகத்திலிருந்து வந்து குடியேறியவர்கள். என் தகப்பனாரும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கே குடியேறியவர்தான். அன்று அது எனக்கு நினைவு வரவில்லை.

கீழ்த்தெருத் தாய் ஒருத்தி எழுந்தாள்.

“ஐயா, ஆறு பள்ளம் எங்க புள்ளைங்க செஞ்சதுதான். நாங்க மண்ணு போட்டுடுறோம். ஆனா மருதமரத்தடியில இருக்கிறதும் புள்ளைங்க சறுக்கினதுன்னா, அதுல சாணி எப்பிடி வந்துச்சு?”

“சாணி எங்கைதான் இல்லை?” என்றேன்.

“ஒங்க மாடு நாலும் தெனம் அந்த வழியாத்தானே ஏறித் தண்ணிக்குப் போகுது. நீங்க பாத்ததே இல்லையா?”

பார்த்ததில்லை. அதுதான் உண்மை. காலையும் மாலையும் மாட்டுப்பட்டிப் படலையைத் திறந்துவிடுவேன். மாடுகள் தாமே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரும். நாலும் திரும்பிவிட்டனவா என்று எண்ணுவேனே தவிர, எந்த வழியால் போகின்றன என்று ஒருநாளும் பின்னால் போய்ப் பார்த்ததில்லை.

“அண்ணை, மாட்டையும் உரப்பையிலை இருத்திச் சறுக்க விட்டனீங்களோ?” என்று பின்வரிசை வாங்கிலிருந்து ஒருவர் கேட்டார். கூட்டம் சிரித்து அடங்கச் சற்று நேரம் பிடித்தது. தலைவர் சிரிக்கவில்லை, அவர் செய்தது அதைவிட மோசம். பழைய கூட்டக் கொப்பியைப் புரட்டி, போர் முடிந்து மீள்குடியேறிய பின் நடந்த முதலாவது கூட்டத்தின் தீர்மானத்தை வாசித்தார்: குளக்கட்டில் எவரும் மாடு ஏற்றக்கூடாது. அதை முன்மொழிந்தவன் நான். கையெழுத்தும் என்னுடையது.

சனிக்கிழமை ஆறு பள்ளங்களையும் பெற்றோர் நிரப்பினார்கள். ஏழாவதை நான் நிரப்பினேன். எழுபத்துநாலு வயதில், இரும்புத் தாச்சியில் மண் சுமந்து, அறுபத்திரண்டு தடவை குளக்கட்டில் ஏறினேன். அந்தப் பதினொரு பேரும் வரிசையாக மேலே குந்தியிருந்து, “கணக்கப்பு, நாப்பத்தெட்டு! கணக்கப்பு, நாப்பத்தொம்பது!” என்று உரக்க எண்ணினார்கள். ஓரிடத்தில் பிழையாக எண்ணியதைத் திருத்தினேன். அதற்கும் சிரிப்பு.

அதிலிருந்து பதினேழாம் நாள் மழை தொடங்கியது. நாலு நாள் விடாமல் பெய்து, ஒரு காலைப் பொழுதில் குளம் நிரம்பி வழிந்து வான் பாய்ந்தது. ஆறு இடமும் அசையவில்லை. மருதமரத்தடியில் மட்டும் கட்டு கசிந்தது. பல வருடங்களாக மாட்டுக் கால் மிதித்த இடம் அறுபத்திரண்டு தாச்சி மண்ணுக்குச் சரிவருமா? மத்தியானத்துக்குள் ஊரே கூடி இருபத்துமூன்று மண்மூட்டை அடுக்கிய பிறகுதான் கசிவு நின்றது. கூட்டத்தில் என்னைக் கேள்வி கேட்ட அந்தத் தாயும் மூட்டை பிடித்துக்கொண்டு நின்றாள். அவளிடம் ஒரு வார்த்தை சொல்ல நினைத்தேன். சொல்வதற்குப் பதிலாக அடுத்த மூட்டையைத் தூக்கிக் கொடுத்தேன்.

பிள்ளைகள் மீதான கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. பொதுக்கட்டில் தண்ணீர் ஊற்றிச் சறுக்கியது சரி என்று எவர் சொன்னாலும் ஒப்புக்கொள்ளமாட்டேன். ஆனால், அந்தத் தாய் அன்று வாய் திறந்திராவிட்டால் என் மாடுகள் தொடர்ந்து மிதித்துக் கட்டு அந்த இடத்தில்தான் உடைந்திருக்கும், தொண்ணூற்றிரண்டு ஏக்கரும் தண்ணீருக்குள் கிடக்க, அப்போதும் நான் கொப்பியில் அந்தப் பிள்ளைகளைத்தான் குற்றவாளிகளாக எழுதிக்கொண்டிருந்திருப்பேன் என்ற நினைப்பு, படலையைத் திறக்கும்போதெல்லாம் என்னை உறுத்துகிறது.