வெள்ளைக்காரரின் கன்னம்

கனடாவில், ரொறன்ரோவுக்கு வெளியே விட்பியில் புதுவீட்டுக்குக் குடிவந்த கோடையில், பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டார் பழைய சாமான் விற்ற கராஜ் சேலில் என் கணவர் ஒரு பெரிய படச்சட்டம் வாங்கிவந்தார். முருகன் படத்துக்கென்று வாங்கியது. முருகன் அதற்குள் அடங்கவில்லை. ஏற்கெனவே உள்ளே இருந்த வெள்ளைக்காரரே வரவேற்பறைச் சுவரில் குடியேறிவிட்டார். தாடைவரை இறங்கிய கிருதா, கோட்டுக்கு அடங்காத வயிறு, கையில் ஒரு தடி. கீழே அவருடைய பெயரும், விக்ரோறியா மகாராணி காலத்துப் பாராளுமன்ற உறுப்பினர் என்பதும் அச்சிடப்பட்டிருந்தன.

அஜின்கோர்ட்டிலிருந்து வந்த ஒரு அன்ரி செருப்பைக் கழற்ற முதலே கேட்டார்: "உவர் ஆர், பிள்ளை? உம்மட மனுசன்ர வேலையிடத்துப் போஸோ?"

எனக்கு விசர் வந்தது. மாட்டுவதற்கு என் அப்பாவின் படம் ஒன்று இருந்திருந்தால் இந்தக் கேள்வி வருமா? எனக்கு ஒரு வயதாக முதல், ஊரில் சண்டை நடந்தபோது ஷெல் விழுந்து அப்பா போய்விட்டார். வீட்டோடு சேர்ந்து படங்களும் எரிந்துபோயின. அவர் முகம் எனக்குத் தெரியாது. எங்களோடு இருக்கும் அம்மாவிடம் கேட்டால், "இப்ப என்னத்துக்கு உது?" என்று எழும்பிப் போய்விடுவார். என் தலை நரைத்த பிறகும் அதே பதில்தான். இப்போது அவருக்கு அடுப்பில் வைத்ததே மறந்துபோகிறது. கேட்காமலே விட்டால் அந்த முகமும் போய்விடுமே என்று எனக்குப் பயம்.

ரொறன்ரோவுக்கு வேலைக்குப் போய்வரும் ரயிலில் வெள்ளைக்காரரை ஃபோனில் தேடத் தொடங்கினேன். அடேயப்பா! அந்தக் காலப் பத்திரிகைகள் மனிதருடைய தும்மலைக்கூட விடவில்லை. இங்கிலாந்தில் கண்ணுக்கெட்டிய தூரம் காணி. தகப்பனுக்குப் பிறகு அதே தொகுதியில் வென்று போனவர், வருடக்கணக்காகப் பாராளுமன்றத்தில் வாயே திறக்கவில்லை. கடைசியில் திறந்தது, தன் காணிக்குள்ளால் ரயில்பாதை போடக் கூடாது என்று கத்துவதற்கு. அதை ரயிலில் இருந்து வாசித்து நான் தனியே சிரித்தேன். குத்தகைக்காரரின் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கட்டிக்கொடுத்தவரும் அவர்தான். தனக்கு வாக்குப் போடாத ஒரு குத்தகைக்காரரைக் குடும்பத்தோடு கிளப்பியவரும் அவர்தான். இந்த மனிதர் நல்லவரா, பொல்லாதவரா? எனக்குப் பிடிபடவே இல்லை. விடவும் மனம் வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அன்றன்று வாசித்ததை அம்மாவுக்குச் சொல்வேன். அம்மா மரக்கறி வெட்டிக்கொண்டே கேட்பார். ஒருநாள் வெள்ளைக்காரரின் வேலிச் சண்டையைச் சொன்னேன். பக்கத்துப் பாதிரியாரின் பசு வேலியைப் பிரித்துக்கொண்டு வந்ததென்று வழக்குப் போட்டு, தோற்று, பிறகு அதே பாதிரியாரை விருந்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்.

அம்மா கத்தியை வைத்துவிட்டுச் சிரித்தார். "உன்ர கொப்பரும் உப்பிடித்தான். காலமை வேலிக்குச் சண்டை பிடிச்சுப்போட்டு, பின்னேரம் அந்த மனுசனையே தேத்தண்ணிக்குக் கூட்டிக்கொண்டு வருவார்."

அம்மா தானாக அப்பாவைப் பற்றிச் சொன்னது அதுதான் முதல் தடவை. என் வாய் சும்மா இருக்குமா?

"அப்பாவின்ர முகம் எப்பிடி அம்மா?"

அம்மா எழும்பினார். சரி, கெடுத்துப்போட்டேன் என்று நினைத்தேன். அவர் நேரே போய்ப் படத்துக்கு முன்னால் நின்றார்.

"நெத்தி உவ்வளவு அகலம் இல்லை. கண் ஓம், உப்பிடித்தான், உள்ளுக்குப் போனது. மூக்கு இன்னும் கொஞ்சம் நீட்டு. உந்தக் கன்னமயிர் ஒண்டும் இல்லை." ஈர விரல் கண்ணாடியில் மெல்ல இறங்கி வெள்ளைக்காரரின் வலது கன்னத்தில் நின்றது. "சிரிக்கேக்கை இதிலை ஒரு குழி விழும், பிள்ளை. இந்தப் பக்கம் மட்டும்."

நான் அழுதேன். அம்மா அழவில்லை. திரும்பி வந்து மிச்சக் கத்தரிக்காயை வெட்டினார்.

அந்த விரல் பட்ட இடம் காய்ந்து, கண்ணாடியில் சின்ன வட்டமாக நிற்கிறது. அடுத்த சனிக்கிழமை வீட்டைத் துப்புரவாக்கிக்கொண்டு என் கணவர் துணியோடு அங்கே வந்தார்.

"அதிலை கை வைச்சீங்களோ, தெரியும்!" என்று கத்தினேன்.