தட்டு மாற்றாத நிச்சயம்

ஐந்து மாதமாகியும் யாழினியின் மகனுக்குக் கழுத்து நிற்கவில்லை. அவன் கண்கள் அம்மாவைத் தேடவில்லை. "கிரகணத்தன்னைக்கு வாசலுக்கு வராதேன்னேன், கேட்டாளா?" என்று மாமியார் பவுனம்மாள் மண்ணச்சநல்லூரில் ஒரு வீடு விடாமல் சொல்லி வைத்தாள். யாழினியும் அதை நம்பி அழுது தீர்த்தாள்.

திருச்சியில் மரபணு மருத்துவர் அமலராணிதான் அந்தப் பழியை இறக்கி வைத்தார். அரிசி ஆலைக் குடும்பம் என்று கேட்டறிந்து, ஆலையை வைத்தே சொன்னார்.

"செல்லுக்குள்ள பெராக்ஸிசோம்னு ஒரு குட்டி மில் இருக்கும்மா. சில கொழுப்பை அங்கதான் உடைக்கணும். அதுக்கு வேலைக்காரங்க மாதிரி சில புரதம், வெளியில உருவாகி, ஒரு வண்டியில ஏறி உள்ளே போகணும். இறக்கிவிட்டுட்டு வண்டி திரும்பி வரணும். உங்க பையனுக்கு அந்த வண்டியை வெளியே இழுக்கிற ஜீன்ல பிழை. வண்டி வாசல்லயே மாட்டிக்கிச்சு. ஆளில்லாம மில் நிக்குது. உடையாத கொழுப்பு மூளையிலயும் ஈரல்லயும் சேருது."

"என்னாலதானே டாக்டர்?"

"கிரகணத்தால இல்ல, உங்களாலயும் இல்ல. நீங்களும் வீட்டுக்காரரும் அதே பிழையை ஆளுக்கொண்ணா வச்சிருக்கீங்க. ரெண்டும் இவன்கிட்ட சேர்ந்துடுச்சு. சொந்தத்துல கல்யாணமா?"

யாழினி தலையசைத்தாள். கணவன் செந்தமிழன் அவளுடைய தாய்மாமன் மகன்.

"இனிமே உங்க சொந்தத்துக்குள்ள யாருக்குப் பேசினாலும் முதல்ல ரத்தத்தைப் பாருங்க."

மருத்துவர் சொன்னதைக் கேட்ட பிறகு பவுனம்மாள் கிரகணப் பேச்சையே விட்டுவிட்டாள். வம்சத்தில் கோளாறு என்று தெரிந்தால் இளைய மகனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? கடைசியில் யாழினியின் தங்கை கனிஷ்காவையே கேட்டாள். "சொந்தத்துலயே முடிச்சுட்டா விஷயம் வெளியே போகாது."

ஸ்ரீரங்கத்தில் பெண் வீட்டில் நிச்சயம். மருத்துவர் சொன்னது எதுவும் கனிஷ்காவுக்குத் தெரியாது. அம்மா யாழினியைக் கையெடுத்தே கும்பிட்டாள். "தட்டு மாத்தற வரைக்கும் வாயைத் திறக்காதடி. என் பொறந்த வீட்டு உறவே அறுந்துடும்."

வெற்றிலையும் பட்டுப்புடவையுமாகத் தாம்பாளம் மாமனார் கையில் மேலெழுந்தது. யாழினி குழந்தையோடு நடுவில் வந்து நின்றாள்.

"நிறுத்துங்க மாமா! கனிஷ்கா, ரெண்டு பேர் ரத்தத்தையும் பாக்காம தலையாட்டாதடி. என் பிள்ளைக்கு வந்தது நம்ம ரெண்டு வீட்டுலயும் இருக்கு!"

"உன் வயிறு எரியுதுன்னு தங்கச்சி வாழ்க்கையில கொள்ளி வைக்கிறியாடி?" பவுனம்மாள் பாய்ந்து வந்தாள். அவள் கை பட்ட வேகத்தில் தாம்பாளம் தரையில் விழுந்து ணங்கென்று அலறியது.

கூடமே பதறித் திரும்பியது. யாழினியின் தோளில் விழித்தபடி கிடந்த குழந்தை மட்டும் அசையவில்லை. இமைகூடத் துடிக்கவில்லை.

கனிஷ்கா அதைப் பார்த்துவிட்டாள். கழுத்து மாலையைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்து வந்தாள். குழந்தையின் காதருகே விரலைச் சொடுக்கினாள். மறுபடியும் சொடுக்கினாள்.

பிறகு கேட்டாள்: "ரத்தம் குடுக்க எந்த ஆஸ்பத்திரிக்குக்கா போகணும்?"