மேனேஜர் பால் விடாத மூன்று நாட்கள்

அந்தத் தெருவில் அவளைப் பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லி விசாரித்தால் நாலு பேர் முழிப்பார்கள். கைராசி வீடு எது என்று கேட்டால் நாய்கூட வழிகாட்டும். முதல் ஈற்றுப் பசு உதைக்கிறதா, கன்றை இழந்த பசு மடியைத் தொடவிட மறுக்கிறதா, கூப்பிடு கைராசியை. அவளும் ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி, "எனக்கென்ன தெரியும், நான் சும்மா தொடுறேன், அதுவா விடுது" என்று சொல்லிக்கொண்டே போவாள். இந்த அடக்கத்தை நம்பி யாரும் ஏமாந்துவிடக் கூடாது. திரும்பி வரும்போது கழுத்து இரண்டு விரல்கடை நீண்டிருக்கும். போன வீடுகளில் பாதியில் பலித்தது, பாதியில் பலிக்கவில்லை. பலிக்காத பாதியைப் பற்றி அவள் பேசமாட்டாள், மற்றவர்களும் மரியாதைக்குப் பேசமாட்டார்கள்.

விடிந்தும் விடியாமலும் எழுந்து சாணம் அள்ளுவாள். தொழுவத்துக் கல் இடுக்கில் தேங்கியதையெல்லாம் துடைப்பத்தால் தள்ளிவிட்டு, தொட்டியில் தவிட்டைக் கரைத்து வைப்பாள். மடியை வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, விரலில் ஒரு சொட்டு எண்ணெய் தொட்டுக்கொண்டு, வாளியை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கி உட்காருவாள். அவள் உட்கார்ந்த கையோடு தொழுவத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் 'டக்' என்று கேட்கும். அது அவளுடைய கணவர், விறகு பிளக்கிறார்.

அவருக்குக் கோடாலி என்று பெயர். பேச்சு குறைவு, விறகு அதிகம். நேரான கட்டை சமையலுக்கு, முடிச்சு விழுந்தது வெந்நீர் அடுப்புக்கு, பருமனானது நெல் அவிக்க என்று மூன்று அடுக்கு வைத்திருந்தார். மூன்றும் கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தன. மகள் கல்யாணமாகிப் போய்விட்டாள், மகன் வேலைக்குப் போய்விட்டான், வீட்டில் இரண்டே பேர். "ரெண்டு வயித்துக்கு எதுக்கு இத்தனை விறகு? ஊருக்கே ஆக்கிப் போடப் போறீங்களா?" என்று கேட்பாள். "மழை வரும்" என்பார். எதைக் கேட்டாலும் அவரிடம் இருந்த பதில் அதுதான்.

பசுவுக்கு மேனேஜர் என்று பெயர் வைத்தவரும் அவர்தான். தவிடு ஐந்து நிமிடம் தாமதமானால் முறைக்கும். மற்ற மாடுகள் தின்னும்போது நின்று மேற்பார்வை பார்க்கும். தனக்கு மனசில்லை என்றால் ஒரு காலைக்கூட நகர்த்தாது. ஆனால் பால் விஷயத்தில் குறை சொல்ல முடியாது, வாளி நிறையக் கொடுக்கும்.

அந்த மேனேஜர் இந்தத் தொழுவத்தில் நிற்பதற்கு ஒரு காரணம் உண்டு. மாமியார் சாவதற்கு முன் வீட்டை நடுவில் சுவர் வைத்து மகனுக்கும் மகளுக்கும் பிரித்துக் கொடுத்தார். மாடுகளையும் பிரித்தார். மிச்சமிருந்தது மேனேஜர் மட்டும். தான் கையால் கறந்து வளர்த்த அந்தப் பசுவுக்கு மட்டும் ஒரு சட்டம் போட்டார்: "இது யாருக்குச் சுரக்குதோ அவங்களோடது. சுரக்கறது நின்னா அடுத்தவங்க கட்டிப் பார்க்கட்டும்." மகள், அதாவது நம் கைராசியின் நாத்தனார், முதலில் உட்கார்ந்தாள். அரை மணி நேரம் இழுத்தும் ஒரு கரண்டி பால் வரவில்லை. மறுநாள் காலை கைராசி உட்கார்ந்தாள், சர் சர்ரென்று நுரை பொங்கியது. பட்டப்பெயர் அன்றைக்கு வந்ததுதான். வீட்டின் நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருந்த நாத்தனார் மூன்று வருடமாக அதை மறக்கவும் இல்லை, மன்னிக்கவும் இல்லை.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டியில், ஒரு நாள் கோடாலி ஒரு பெரிய வேர்க்கட்டையைத் தனியாளாகப் புரட்டப் போய் முதுகைப் பிடித்துக்கொண்டார். குனிந்தவர் குனிந்தபடியே வீட்டுக்குள் வந்தார். இரண்டு வாரம் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது, கோடாலியைக் கண்ணால்கூடப் பார்க்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மறுநாள் காலை மேனேஜர் பால் விடவில்லை.

கைராசி முதலில் சிரித்தாள். "என்னடி, உனக்கும் முதுகு வலியா?" என்று தட்டிக்கொடுத்தாள். மடி கல் மாதிரி நிறைந்திருந்தது. இழுத்தால் நாலு பீச்சு வந்தது, அவ்வளவுதான், பிறகு அடக்கிக்கொண்டது. வாளியை மாற்றினாள். புடவையை மாற்றினாள். தவிட்டில் புண்ணாக்கைக் கூட்டினாள். பால் மறந்து நாலு மாதமான கன்றை மேய்ச்சலிலிருந்து இழுத்து வந்து மடியருகே நிறுத்தினாள். அது தாயை ஏதோ தூரத்து உறவு போலப் பார்த்துவிட்டுத் தவிட்டுத் தொட்டியில் தலையை விட்டது. கெஞ்சினாள், கொஞ்சினாள், கடைசியில் வாய்க்கு வந்தபடி திட்டினாள். மேனேஜர் அசைந்து கொடுக்கவில்லை.

மாட்டு டாக்டர் வந்து மடியை அழுத்திப் பார்த்தார். "நோய் ஒண்ணும் இல்லம்மா. பால் உள்ள இருக்கு, விடமாட்டேங்குது. ஆனா இப்படியே தேங்கி நின்னா மடி வீங்கிப் பழுத்துடும். அப்புறம் மாடு நமக்கு இல்ல. எப்படியாவது நாளன்னைக்குள்ள கறந்துடுங்க" என்றார். எப்படி என்று அவர் சொல்லவில்லை. அதைச் சொல்லத் தெரிந்தவள் என்று ஊர் நினைத்துக்கொண்டிருந்தவளிடமே அவர் என்ன சொல்ல முடியும்?

செய்தி சுவர் ஏறிக் குதிக்க எவ்வளவு நேரமாகும்? நாத்தனார் சாயங்காலமே வந்து நின்றாள், கையில் தேய்த்துக் கழுவிய ஒரு புது வாளியோடு.

"என்ன அண்ணி, கை அசந்து போச்சாமே?"

"கைக்கு ஒண்ணும் இல்ல. மாட்டுக்குத்தான் மனசு சரியில்ல."

"பாவம். இடம் மாறினா மனசும் மாறும்ல? அம்மா சொன்னது ஞாபகம் இருக்கில்ல? நாளன்னைக்குக் காலையில நான் உட்கார்ந்து பார்க்கிறேன். விட்டுச்சுன்னா ஓட்டிட்டுப் போறேன். விடலன்னா உங்க மாடு உங்க தொழுவத்துலயே நிக்கட்டும், நான் இனி வாயே திறக்கல."

"தாராளமா வா" என்றாள் கைராசி. முகத்தில் ஈயாடவில்லை.

மறுநாளும் அதே கதை. பசு வலியில் காலை மாற்றி மாற்றி வைத்தது. மடியைத் தொட்டாலே தோல் சிலிர்த்தது. பேர் போகிறதே என்ற கவலை முதல் நாளோடு சரி, இப்போது வேறு பயம். அந்தப் பயத்துக்கு நடுவில்தான் அடுப்பு அணைந்தது, பற்றவைக்கும் சிராய் தீர்ந்திருந்தது. கூரை வரை அடுக்கி வைத்திருந்த மனிதர் கடைசியாகச் சிராய் பிளக்க மறந்திருந்தார். வந்த கோபத்தில் கோடாலியை எடுத்துப் போய், தொழுவத்துச் சுவருக்குப் பின்னால் கிடந்த அடிக்கட்டையில் ஒரு துண்டை நிறுத்தி, கோடாலியை ஓங்கிப் போட்டாள். முதல் மூன்று அடி விறகின் மேல் விழவே இல்லை, அடிக்கட்டையில் விழுந்தன. நாலாவது விழுந்தது. டக். டக். டக்.

ஒரு அள்ளு சிராயோடு தொழுவத்து வழியாக வந்தவள் அப்படியே நின்றாள். மேனேஜரின் காம்புகளிலிருந்து பால் தானாகச் சொட்டி, கல்லில் வெள்ளையாக ஓடிக்கொண்டிருந்தது.

சிராயை அங்கேயே போட்டுவிட்டு வாளியைத் தூக்கினாள். கால் வாளி வருவதற்குள் பசு அடக்கிக்கொண்டது. ஓடிப்போய் நாலு போடு போட்டாள், ஓடிவந்து கறந்தாள், கொஞ்சம் வந்தது, நின்றது. மறுபடி ஓடினாள். ஐம்பதை நெருங்கும் உடம்பு எத்தனை தரம் சுவரைச் சுற்றும்? ஆறாவது சுற்றில் மூச்சு வாங்கி வைக்கோலில் உட்கார்ந்துவிட்டாள். அப்போதுதான் விஷயம் முழுதாக உறைத்தது. மாமியார் காலத்திலிருந்தே கறப்பதும் பிளப்பதும் ஒரே நேரத்தில் நடந்து, அந்தச் சத்தத்துக்குத்தான் பசு பழகியிருக்கிறது. நாத்தனார் உட்கார்ந்த அன்றைக்கு இவர் எங்கோ மரம் பார்க்கப் போயிருந்தார்! இவள் கைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

நேராகக் கட்டிலுக்குப் போனாள். கோடாலி போர்வையை முகம்வரை இழுத்துக்கொண்டார். அதிலேயே குட்டு உடைந்துவிட்டது.

"உங்களுக்கு எத்தனை நாளாத் தெரியும்?"

"என்ன?"

"மழை வரும்னு சொன்னீங்கன்னா இன்னொரு பக்கமும் முதுகு பிடிச்சுக்கும்."

போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது. "ரெண்டு வருஷமா. கோடாலிப் பிடி கழண்டுச்சு, நிறுத்தினேன். உள்ள நீ மாட்டைத் திட்டற சத்தம் கேட்டுச்சு. பிடியை மாட்டிட்டு வெட்டினேன், வாளியில சர்ருனு கேட்டுச்சு. சும்மா இன்னும் ரெண்டு தரம் நிறுத்திப் பார்த்தேன்."

"சொல்றதுக்கு என்ன?"

"ஊரே உன் கையைப் பேசுது. உனக்கும் முகம் நல்லா இருந்துச்சு. கெடுப்பானேன்னு விறகு வெட்டிட்டே இருந்துட்டேன்."

கைராசி முந்தானையை இழுத்துச் செருகினாள். கோபம்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் கூரையைத் தொடும் அந்த மூன்று அடுக்கும் கண்முன் வந்து நின்றன. பிறகு இன்னொன்றும் வந்து நின்றது.

"இருங்க. நாம சண்டை போட்ட நாள்ல எல்லாம் பால் குறையுமே. என் மனசு நொந்தா பசுவுக்குத் தெரியுதுன்னு உங்ககிட்டயே எத்தனை தரம் சொல்லியிருக்கேன்!"

போர்வை குலுங்கியது. அவர் சிரிக்கிறார், முதுகு வலிக்கிறது, வலியோடு சிரிக்கிறார்.

"அன்னைக்கெல்லாம் கொஞ்சம் மெதுவா வெட்டுவேன்."

அவள் கோடாலியைக் கொண்டுவந்து அவர் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். கணக்கு எளிது. நாளைக் காலை சத்தமே கூடாது. சத்தம் இல்லையென்றால் நாத்தனாருக்குப் பால் இல்லை, பால் இல்லையென்றால் பசு இங்கேயே. அவள் போன கையோடு யாரையாவது பிடித்து விறகு பிளக்கச் சொல்லிவிடலாம். பேரும் பிழைக்கும், பசுவும் பிழைக்கும்.

காலையில் நாத்தனார் குளித்து, தலை வாரி, வாளியோடு வந்தாள். வேலிக்கு வெளியே அக்கம்பக்கத்துப் பெண்கள் தற்செயலாக வந்தவர்கள் போல நின்றார்கள். ஒரே நேரத்தில் ஐந்து பேருக்குத் தற்செயல் வந்திருந்தது. நாத்தனார் முறையாக மடி கழுவினாள், எண்ணெய் தொட்டாள், இழுத்தாள். ஒன்றும் இல்லை. தடவிக்கொடுத்தாள், மறுபடி இழுத்தாள். நெற்றியில் வேர்த்தது. கைராசி தூணில் சாய்ந்து முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டாள். உள்ளுக்குள் துள்ளிக்கொண்டிருந்தாள்.

பத்து நிமிடம் போனது. மேனேஜர் முனகியது. பின்னங்கால் நடுங்க, தலையைத் திருப்பி, காம்பைப் பிடித்திருந்த நாத்தனாரைப் பார்க்காமல் தூணருகே நின்ற கைராசியைப் பார்த்தது. மூன்று வருடமாக ஒரு நாளும் அது அவளை அப்படிப் பார்த்ததில்லை. கண்ணோரம் ஈரம் கோடாக இறங்கியிருந்தது. இன்னும் அரை மணி நேரம் பொறுத்தால் போதும், நாத்தனார் எழுந்து போய்விடுவாள். அந்த அரை மணி நேரத்தை அந்தக் கண்ணுக்கு முன்னால் நின்று கழிக்க அவளால் முடியவில்லை.

"பிடிச்சுட்டே இரு, விட்டுடாத" என்று நாத்தனாரிடம் சொல்லிவிட்டு உள்ளே ஓடினாள். கட்டிலுக்கு அடியிலிருந்து கோடாலியை இழுத்தபோது அவர் தலையைத் தூக்கினார். "போட்டா மாடு போயிடும்டி" என்றார். "போகட்டும். உயிரோட போகட்டும்" என்றாள்.

டக்.

சுவருக்கு அந்தப் பக்கம் சர் என்றது. டக், சர். டக், சர். நாத்தனார் "ஐயோ விடுதே, விடுதே!" என்று கூவினாள். வேலிக்கு வெளியே கைதட்டல் கேட்டது. கைராசி கண்ணைத் துடைக்கவும் நிற்காமல் போட்டாள். பாதி அடி குறி தவறியது, பசு அதையெல்லாம் கணக்கில் எடுக்கவில்லை. கை மரத்துப்போய் ஒரு தரம் நிறுத்தினாள். உள்ளே சத்தம் நின்றது. போட்டாள், வந்தது. இன்னொரு தரம் மூச்சு வாங்க நின்றாள். நின்றது.

நாத்தனாரைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், மந்தபுத்தி என்று சொல்ல முடியாது. மடி வற்றும்வரை கறந்தாள். எழுந்தாள். நிறைந்த வாளியோடு சுவரைச் சுற்றி வந்து, வியர்வையில் நனைந்து நிற்கும் அண்ணியையும் சிதறிக் கிடந்த விறகையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இதுதானா?"

"இதுதான்."

"சும்மா நின்னிருந்தா மாடு உங்களோடதா இருந்திருக்குமே அண்ணி."

"வலி தாங்கல அது. ஓட்டிட்டுப் போ. அம்மா சொன்ன மாதிரி உனக்குச் சுரந்துடுச்சு."

நாத்தனார் வாளியைக் கீழே வைத்தாள். பிறகு வேலிக்கு வெளியே இருந்தவர்களுக்கும் கேட்கும்படி இடுப்பில் கை வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னாள். "எனக்கு எங்க சுரந்துச்சு? உங்களுக்கும் சுரக்கல. எங்க அண்ணன் கோடாலிக்குச் சுரந்திருக்கு. அம்மா சொன்னபடி பார்த்தா மாடு அண்ணனோடது. எனக்கும் வேண்டாம், உங்களுக்கும் இல்ல."

வெளியே ஐந்து வாயும் ஒன்றாகத் திறந்தன. மூன்று வருடத்துப் பட்டப்பெயர் அந்த நிமிடத்தில் போயே போய்விட்டது. கைராசிக்கு வலித்தது, இல்லையென்று சொன்னால் பொய். ஆனால் மேனேஜர் இரண்டு நாளுக்குப் பிறகு தவிட்டில் வாய் வைக்கும் சத்தமும் கேட்டது.

வீட்டுக்குள்ளிருந்து, வலியையெல்லாம் மறந்த ஒரு குரல் வந்தது. "என்னது? மாடு எனக்கா? அப்ப இனிமே நான் சொல்றபடிதான் நடக்கணும், ஆமா!"

அவள் கோடாலியைச் சுவரில் சாத்தினாள். மூலையில் கிடந்த சாணக்கூடையையும் துடைப்பத்தையும் எடுத்துக்கொண்டு உள்ளே போய், கட்டிலில் அவர் மார்பருகே ஒழுங்காக வைத்தாள்.

"உங்க மாடு காலையில இருந்து மூணு தரம் சாணி போட்டிருக்கு. எழுந்து அள்ளுங்க" என்றாள்.