போர்வைக்குள் பேட்டரி

திருப்போரூரில் எங்கள் எதிர்வீட்டுக்காரர் தினமும் காலை பத்து மணிக்குக் காரை ஓடவிட்டு, ஏசியையும் போட்டுவிட்டுச் சாவகாசமாகக் காபி குடிக்கப் போய்விடுகிறார். உள்ளே குளுகுளுவென்று ஆன பிறகுதான் ஏறுவார். அந்த டீசல் புகை என் ஜன்னலுக்குள் வரும்போதெல்லாம், வியர்வையைத் துடைத்தபடி லடாக்கை நினைத்துக்கொள்வேன். நாங்களும் வண்டியை இப்படித்தான் சும்மா ஓடவிடுவோம். சூடேற்றுவதற்கு.

அங்கே சாலை போடும் பிரிவில் எனக்கு வாகன மேற்பார்வையாளர் வேலை. குளிர்கால விதிகள் அத்தனையும் மனப்பாடம். பகலில் இரண்டு மணிக்கொருமுறை இன்ஜினை ஓட்ட வேண்டும். மாலையில் பேட்டரியைக் கழற்றி அதற்கான அறையில் வைக்க வேண்டும். அந்த அறையில் கரியடுப்பு கூடாது. ஆக, வெளிக்குளிரில் இருந்ததை உள்குளிருக்கு முறைப்படி மாற்றிக்கொண்டிருந்தோம்.

லாரி ஓட்டும் கோவளத்து அந்தோணி மட்டும் பேட்டரியைத் தன் கட்டிலுக்குக் கொண்டுபோய்ப் போர்வைக்குள் உட்காரவைத்தான். விதிமீறல் என்றேன்.

"இன்னா சார் நீ! எங்க நைனா மீன் புடிச்சிட்டு கரையேறுனா போட்டு இன்ஜினத் தோள்ல தூக்கினு வூட்டுக்குத்தான் வருவாரு. அது கட்டில்ல, நாங்க தரையில. கரையில வுட்டா காலையில மூஞ்ச தூக்கி வெச்சுக்கும்."

காலையில் கொடுக்கலாமென்று ஒரு மெமோ எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

விடிந்தபோது சமையல்காரர் தாப்பாவுக்கு மூச்சுத் திணறியது. நுரையீரலில் நீர் கோத்துவிட்டது, உடனே கீழே ஆஸ்பத்திரிக்கு இறக்காவிட்டால் பிழைக்கமாட்டார் என்றார் மருத்துவ உதவியாளர். ஆறு வண்டிகளை முடுக்கினோம். நான் முறைப்படி பாதுகாத்த ஆறு பேட்டரிகளும் ஒரு முனகலோடு சரி.

அந்தோணி போர்வையோடு தன் பேட்டரியைத் தூக்கி வந்து மாட்டினான். இன்ஜின் எண்ணெய் தார்போல இறுகியிருந்தது. அதை இளக்க வண்டிக்கு அடியில் தள்ளக் கரித்தட்டு தயார். பற்றவைக்க அவசரத்துக்குக் காகிதம் இல்லை.

"சார், பையில இன்னாவோ பேப்பர் கீதே?"

கொடுத்தேன். இரண்டு வரி படித்தான். "ஷோக்கா எழுதிக்கீற சார்" என்று கொளுத்தினான்.

அரை மணியில் லாரி உறுமியது. கேபினில் ஹீட்டர் பெயருக்குத்தான். காலி ரம் பாட்டில்களில் வெந்நீர் நிரப்பித் தாப்பாவைச் சுற்றி அடுக்கி, கதவிடுக்கில் சாக்கைத் திணித்து அனுப்பினோம். மூன்று வாரத்தில் அவர் திரும்பிவந்து, வழக்கம்போல உப்பில்லாத பருப்பு வைத்தார். அன்று ஒருவரும் குறை சொல்லவில்லை.

போன மாதம் கோவளம் போனேன். படகு இன்ஜின்கள் கரையிலேயே தார்ப்பாய்க்குள் கிடக்கின்றன. கட்டில் கொடுப்பார் இல்லை. அந்தோணி வீட்டில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

"அந்த மெமோ காப்பி ஒண்ணு கீதா சார்? பேரப்பசங்களாண்ட காட்டணும்."

விதிப்படி மூன்று நகல் எடுத்திருக்க வேண்டும். என் பணிக்காலம் முழுவதிலும் நகலெடுக்காமல் விட்ட காகிதம் அது ஒன்றுதான்.