மூட்டாத சாரம்

காகிதத்தில் நாங்கள் ஐந்து வருடமாகக் கண்டியில் குடியிருந்தோம். உடம்போடு வந்து சேர்ந்தது எனக்கு ஒன்பது வயது நடந்த அந்த ஆகஸ்ட் லீவில்தான்.

இதைப் பெரிய மோசடி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் செய்கிற காரியம். கண்டி டவுனில் ஒரு நல்ல பள்ளிக்கூடத்தில் பிள்ளையை முதலாம் வகுப்பில் சேர்க்க வேண்டுமென்றால், அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலேயே வருடக்கணக்காக வாழ்கிறோம் என்று காட்டியாக வேண்டும். வாக்காளர் இடாப்பில் பெயர், கரண்ட் பில், தண்ணி பில், கிராம சேவகரின் கடிதம் எல்லாம் கேட்பார்கள். தம்பி பிறந்த கையோடு அம்மா அந்த வேலையைத் தொடங்கிவிட்டார். பெரியம்மா, அதாவது அம்மாவின் அக்கா, இத்தாலிக்கு வேலைக்குப் போயிருந்தார். அவருடைய கண்டி வீட்டின் மேல்மாடியில் ஒரு புருஷன் பெண்சாதி வாடகைக்கு இருந்தார்கள். கீழே இரண்டு அறையும் சமைக்கிற குசினியும் பூட்டிக் கிடந்தன. அந்தப் பூட்டின அறைகளுக்குள்தான் தம்பி தவழ்ந்து, எழுந்து நடந்து, ஐந்து வயதுப் பிள்ளையாக ஆனான். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தைச் செய்யலாம் என்பார்கள். ஒரு பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க எத்தனை பொய் என்று யாரும் கணக்குச் சொல்லி வைக்கவில்லை.

நிஜமாக நாங்கள் வளர்ந்தது வத்தேகமவில், பஜாருக்குப் பின்னால் இருந்த வீட்டில். பஜாரில் அப்பாவுக்குத் தையல் கடை. கடைக்கும் வீட்டுக்கும் நூறு அடிகூட இருக்காது. ஆனாலும் கண்டிக்கு வருமுன் ஒரு வருடமாக அப்பா கடையிலேயே படுத்துக்கொண்டார். ஓர்டர் கூடிவிட்டது என்று அம்மா சொன்னார். கிறிஸ்மஸுக்கு ஓர்டர் கூடும், சித்திரை வருடப் பிறப்புக்குக் கூடும், பள்ளிக்கூடம் தொடங்கினால் கூடும். வருடம் முழுக்கக் கூடிக்கொண்டேயிருக்கிறதே, நாம் பணக்காரர் ஆகிவிடுவோம் போலிருக்கிறதே என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம்.

வீடு மாறிய அன்று சின்ன லொறி ஒன்று வந்தது. அப்பாதான் சாமான் ஏற்றினார். அலுமாரியைத் தனியாகத் தூக்கிச் சாய்த்தார், கதிரைகளைக் கவிழ்த்து அடுக்கினார், கயிற்றை இழுத்து இழுத்துக் கட்டினார். எல்லாம் முடிந்த பிறகு கைகளைத் தட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். அவர் லொறியில் ஏறவில்லை. "கடைய யாரு பார்க்கிறது?" என்று, நான் கேட்காத கேள்விக்கு அம்மா பதில் சொன்னார்.

கண்டிக்குப் போவதில் எனக்குத் துளியும் விருப்பம் இல்லை. செப்டம்பரில் எங்கள் மாதா கோயில் திருவிழா. அந்த வருடம் சுற்றுப்பிரகாரத்தில் சம்மனசாக, அதாவது தேவதூதனாக, நடக்க என்னைத் தெரிவு செய்திருந்தார்கள். வெள்ளைச் சட்டைக்கு அப்பா என்னைக் கடையில் ஒரு ஸ்டூலில் ஏற்றி நிறுத்தி அளவெடுத்திருந்தார். இறக்கைக்கும் சேர்த்துத்தான். அதனால் லொறியிலேயே அம்மாவிடம் பேசி முடித்துக்கொள்ளப் பார்த்தேன்.

"எத்தன நாளைக்கும்மா இருக்கணும்?"

"பள்ளிக்கூடத்துல இருந்து ஆளுங்க வந்து வீட்டப் பார்ப்பாங்க. அது வரைக்கும் இருக்கத்தானே வேணும்."

"அவங்க பார்த்துட்டுப் போனதும் நம்ம போயிரலாமா?"

"பார்ப்போம்."

இந்தப் 'பார்ப்போம்' எங்கள் வீட்டில் ஐஸ்கிரீம் விஷயத்தில் பெரும்பாலும் ஆமாம் என்றே முடியும். அந்தக் கணக்கில்தான் இதையும் எடுத்துக்கொண்டேன். ஆக, வருகிறவர்கள் சீக்கிரம் வர வேண்டும், வந்தால் ஒரு குறையும் கண்டுபிடிக்கக் கூடாது. தம்பிக்கு இடம் கிடைப்பதில் அந்த வீட்டிலேயே என்னைவிட அக்கறையானவர் யாரும் இருந்திருக்க மாட்டார்.

அம்மா வீட்டைத் தயார் செய்தார். வந்து பார்ப்பவர்கள் அலுமாரியைத் திறப்பார்களாம், பிரஷ் எத்தனை என்று எண்ணுவார்களாம், மேல்வீட்டில் விசாரிப்பார்களாம். அலுமாரி, பிரஷ் எல்லாம் சரி. குறை ஒன்றுதான். "ஆம்பள இருக்கிற வீடு மாதிரி இல்லையே" என்று அம்மா நடு அறையில் நின்று சொல்லிக்கொண்டார். அடுத்த நாள் என்னையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனார். ஒரு ரேசர், ஒரு சோடி ரப்பர் செருப்பு, ஆம்பளைகள் இடுப்பில் கட்டுகிற, நீலக் கட்டம் போட்ட சாரம் ஒன்று.

"வத்தேகமவுல அப்பாவுக்கு ஆறு சாரம் இருக்கேம்மா, அதுல ஒண்ணக் கேட்டா குடுக்க மாட்டாரா?"

"இது கண்டிக்கு."

கடையில் வாங்குகிற சாரம் வெறும் துணி. இரண்டு ஓரத்தையும் சேர்த்துத் தைத்து மூட்டினால்தான் ஓர் ஆள் அதற்குள் இறங்கிக் கட்ட முடியும். எங்கள் வீட்டில் மூட்டுவது, கிழிசல் தைப்பது, பொத்தான் வைப்பது எல்லாம் அப்பாவின் வேலை. தையற்காரன் பெண்சாதியாகப் பதினொரு வருடம் இருந்த அம்மா ஊசியைக் கையில் எடுத்து நான் பார்த்ததே இல்லை. அதனால் கண்டிக்கு வாங்கின அந்தச் சாரத்தை அம்மா அப்படியே பின் விறாந்தையில் கொடியில் போட்டார். மூட்டவில்லை என்பது எனக்கும் தெரியும். அப்பா வந்தால் மூட்டிக்கொள்வார் என்று விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு காலையும் அம்மா அந்தச் சாரத்தை வாளியில் முக்கிப் பிழிந்து காயப் போட்டார். சாயந்தரம் எடுத்து மடித்து வைப்பார். மறுநாள் திரும்பவும் வாளி. யாரும் கட்டாத சாரத்துக்கு அழுக்கு எங்கிருந்து வருகிறது என்று ஒரு நாள் கேட்டுவிட்டேன். "துவைக்கிறது நானா நீயா? வாய மூடிக்கிட்டு உன் வேலையப் பாரு" என்றார். சரிதான் என்று ரப்பர் செருப்பைத் தினமும் வாசலில் இடம் மாற்றி வைக்கும் வேலையை நானாகவே எடுத்துக்கொண்டேன். ஒரு நாள் பக்கம் பக்கமாக, ஒரு நாள் ஒன்று கவிழ்ந்தபடி. எனக்கு அதில் ஒரு கைத்திறமை இருந்தது.

நேர்முகப் பரீட்சைக்கு அப்பா வந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு நேராகப் பள்ளிக்கூடத்துக்கே வந்து, கேட்ட இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார். முடிந்ததும் பஸ் நிலையத்தில் எனக்கும் தம்பிக்கும் ஐஸ் சொக் வாங்கிக் கொடுத்தார். வீட்டைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நான் கையைப் பிடித்து இழுத்தேன். அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா பஸ்ஸின் பெயர்ப்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓர்டர் கெடக்கும்மா. அம்மா சொல்ற மாதிரி நடந்துக்கணும், சரியா?" என்று சொல்லிவிட்டு அப்பா ஏறிப் போய்விட்டார்.

வீட்டைப் பார்க்கிறவர்கள் ஒரு வியாழக்கிழமை வந்தார்கள். நல்ல மழை. ஃபைலைச் சட்டைக்குள் வைத்து மறைத்தபடி ஒரு வாத்தியார் சேர், குடையோடு ஒரு டீச்சர். சேர் சந்தேகப்படுவதற்காகவே பிறந்தவர் மாதிரி இருந்தார். பாவம், அவரைச் சொல்லியும் குற்றமில்லை. அன்றைக்கு அவர் போன வீடுகளில் எத்தனை வீட்டில் நிஜமாகவே அடுப்பு எரிந்திருக்குமோ. அலுமாரியைத் திறந்தார், பிரஷ்களை எண்ணினார், ஃபைலைப் பார்த்து, "தகப்பன் டெய்லர்னு போட்டிருக்கு. மெஷினைக் காணோமே?" என்றார்.

அம்மா கதிரையின் தூசியைத் தட்டினார். என்னமோ, பதில் எனக்குத்தான் வந்தது.

"கடை வத்தேகமவுல சேர். காலைல ஃபர்ஸ்ட் பஸ்ஸுக்குப் போயிருவாரு. ராத்திரி நாங்க தூங்கினப்புறம்தான் வருவாரு. சில நாளைக்குச் சீக்கிரமா வருவாரு."

"வந்து என்ன செய்வாரு?" என்றார் சேர், என்னைப் பார்த்துக் குனிந்து.

அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவள் போல நான் அவிழ்த்துவிட்டேன். அப்பா வந்ததும் குளிப்பார், சாரத்தைக் கட்டிக்கொண்டு இந்தக் கதிரையில் உட்காருவார், நான் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுப்பேன், சீனி காணாது என்பார், இன்னும் ஒரு கரண்டி போட்டால் இப்போது கூடிப்போச்சு என்பார். தம்பியைத் தோளில் தூக்கிக்கொண்டு சுவரில் இருக்கும் பல்லியைக் காட்டுவார். எனக்குச் சம்மனசுச் சட்டை தைக்கிறார், இறக்கைகூட உண்டு. ஒன்றும் என் கற்பனை இல்லை, எல்லாம் வத்தேகமவில் நடந்தவைதான். எப்போது நடந்தவை என்பதை மட்டும் நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. குசினி வாசலில் நின்ற அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. சிரிப்பை அடக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன்.

சேர் தலையை ஆட்டிக்கொண்டு குளியலறையில் ரேசரைப் பார்க்கப் போனார். டீச்சர் பின் விறாந்தைக்குப் போனார், நானும் பின்னாலேயே போனேன். கொடியில் சாரம் ஈரத்தோடு தொங்கியது. டீச்சர் அதைச் சும்மா தொட்டார். தொட்ட கை நின்றது. தினமும் முக்கிப் பிழிந்ததில் இரண்டு ஓரமும் பிரிந்து நூல் நூலாகத் தொங்கியது. ஒரு நாளும் யாரும் கட்டாத சாரம் என்று தெரிய ஒரு பெண்ணுக்கு எவ்வளவு நேரம் வேண்டும்? குசினியிலிருந்து அம்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்க என்ன டீச்சர்?" என்று உள்ளிருந்து சேரின் குரல் வந்தது.

டீச்சர் பிரிந்த ஓரத்தை உட்பக்கமாக மடித்து, கிளிப்பைக் கழற்றி அதன் மேலேயே திரும்ப மாட்டினார். "துணி காயுது சேர். இங்க எல்லாம் சரி" என்று உரக்கச் சொன்னார். பிறகு அம்மாவின் பக்கம் போய், எனக்குக் கேட்டும் கேட்காத மாதிரி, "மூட்டிட்டுப் போடுங்கம்மா" என்றார்.

அந்த டீச்சர் ஏன் அப்படிச் செய்தார் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அவருடைய பெயரும் தெரியாது. வருடக் கடைசியில் பள்ளிக்கூடத்துப் பலகையில் ஒட்டிய பட்டியலில் தம்பியின் பெயர் இருந்தது. அவன் அங்கேயே படித்து முடித்து இப்போது எஞ்சினியர். நல்லாயிருக்கிறான்.

அவர்கள் போன அன்று சாயந்தரமே அம்மா மேல்வீட்டில் ஊசியும் நூலும் கேட்டு வாங்கிவந்து சாரத்தை மூட்ட உட்கார்ந்தார். தையல் கோணல்மாணலாகப் போனது. தையற்காரன் மகளுக்கு அது பொறுக்குமா?

"விடும்மா. அப்பா வந்தா மெஷின்ல ரெண்டு நிமிஷத்துல மூட்டிருவாரு."

அம்மா நிமிரவில்லை. நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "அது வரைக்கும் தாங்காது" என்றார்.

மறுநாள் காலையில் பார்த்தால் திரும்பவும் வாளி, திரும்பவும் கொடி. வேலை முடிந்துவிட்டதை அம்மா மறந்துவிட்டாரோ என்று எனக்குத் தோன்றியது. "அவங்கதான் வந்து பார்த்துட்டுப் போயிட்டாங்களே" என்று நினைவுபடுத்தினேன்.

"பார்க்கிறதுக்கு அவங்க மட்டுமா இருக்காங்க?" என்றார் அம்மா, மேல்மாடியின் ஜன்னலை ஒரு தரம் பார்த்துவிட்டு.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பது அம்மாவுக்குத் தெரியும். அப்பாவும் அம்மாவும் பிரிந்துவிட்டது எங்கள் வத்தேகமத் தெரு முழுக்கத் தெரிந்த விஷயம். ஒரே தெருவில் அவர் கடையில், இவர் வீட்டில் என்று ஒரு வருடம் ஊர் பார்க்க இருந்துவிட்டு, இனி முடியாது என்றுதான் அம்மா கிளம்பியிருக்கிறார். மகனைப் படிக்கவைக்கப் போகிறாள் என்றால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அந்த வீட்டுக்கு நாங்கள் திரும்பப் போவதில்லை என்று லொறிக்காரனுக்குக்கூடத் தெரிந்திருக்கும். தெரியாதவர்கள் இரண்டே பேர், நானும் தம்பியும். சட்டையும் இறக்கையும் திருவிழாவுக்கு முதல் நாள் பஸ் கொண்டக்டர் கையில் பார்சலாக வந்தன. நான் போகாததால் அவற்றை யாரும் போடவில்லை.

ஆனால் அது பிறகு. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் சாரத்தை மூட்டியாகிவிட்டது, இனிக் கட்டலாம் என்பதுதான். கட்டுகிற மாதிரி ஆகிவிட்டதென்றால் அப்பா வரத்தான் போகிறார். சாயந்தரம் நானே அதைக் கொடியிலிருந்து எடுத்து மடித்துக் கதிரையில் வைத்தேன். ஒரு தேத்தண்ணி ஊற்றி, சீனியை ஒரு கரண்டி கூடவே போட்டு, பீரிஸ் தட்டால் மூடி, பக்கத்தில் வைத்துவிட்டுத் தூங்கிப்போனேன்.

காலையில் எழுந்து ஓடிப் பார்த்தேன். கோப்பை கழுவிக் கவிழ்த்திருந்தது. கொடியில் சாரம் நனைந்து தொங்கியது.

"நேத்து அப்பா வந்தாரு. ஃபர்ஸ்ட் பஸ்ஸுக்கே போயிட்டாரு" என்று தம்பியை எழுப்பிச் சொன்னேன். அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார், இல்லை என்று சொல்லவில்லை.