ஐந்து கல்யாணத்துக்கு ஒரு மோதிரம்

இரண்டாம் உலகப்போர் முடிந்த மறுவருஷம் கிரீஸின் சலோனிகாவில் யூதர் கல்யாணம் என்றால் ஒற்றையாக வராது; நாலு ஐந்தாகச் சேர்ந்துதான் வரும். நாஜி முகாமிலிருந்து உயிரோடு திரும்பியவர்களுக்கு ஆற அமர இருக்கப் பொறுமை இல்லை. பலோம்பா சபெத்தாயைப் பார்த்தது இலவசச் சூப் வரிசையில். இருபதாம் நாள் கல்யாணம். "என்னடி அவசரம்?" என்று கேட்க அம்மா இல்லை, அப்பா இல்லை, எட்டு அத்தைகளில் ஒருத்திகூட இல்லை. அதனாலோ என்னவோ, அன்றைக்குத் தொட்டதற்கெல்லாம் சிரிப்பு வந்தது. மணப்பெண்களுக்கு முகாமில் மழித்த முடி அப்போதுதான் காதளவு வளர்ந்திருந்தது. முக்காடு நழுவாமலிருக்கத் துணிக் கிளிப்பை மாட்டிவிட்டார்கள். சவரக்காரர் பெப்போ ஐந்து பெண்களுக்கும் அப்பாவாக நின்று, ஐந்து தடவையும் குறைவைக்காமல் அழுதார்.

மோதிரம் ஒன்றுதான். முகாமுக்கு ரயிலேற்றப்படுவதற்கு முந்தின நாள் பலோம்பாவின் அம்மா அதை எதிர்வீட்டுக் கிறிஸ்தவப் பெண் ஃபொதினியிடம் கொடுத்து வைத்திருந்தாள். வீடு போயிற்று, தையல் மிஷின் போயிற்று, அம்மாவின் போட்டோகூட மிஞ்சவில்லை. மோதிரம் மட்டும் ஃபொதினியின் மாவு டப்பாவுக்குள் பத்திரமாக இருந்தது. மற்ற நான்கு ஜோடிக்கும் இரவல் தருவதாகப் பலோம்பா சொல்லியிருந்தாள்.

கல்யாணம் நடத்தவந்த யூத குருவான ரபி, சபெத்தாயிடம் கேட்டார்: "மோதிரம் உன்னோடதா?"

"இல்லீங்க, அவளோடது."

"கெட்டுது போ! அவ பொருளை அவளுக்கே போட்டா அது கல்யாணமா? மாப்பிள்ளையோட சொந்தப் பொருளா இருக்கணும். இரவல் செல்லாது. திருப்பித் தந்துடுன்னு சொல்லிக் குடுத்தாலும் செல்லாது. ஒரேயடியா, மனசாரக் குடுக்கணும்."

சபெத்தாய்க்குக் கொடுப்பது சுலபம்; அடுத்த நிமிஷமே அவன் போட்டு அவள் விரலுக்கே வந்துவிட்டது. அதற்கப்புறம்தான் நான்கு ஜோடிகளும் அவளைப் பார்த்தார்கள். சிரிப்பு நின்றுபோயிற்று. இப்போது கொடுத்தால் போனது போனதுதான். ஆனால் தெருவில் ஒரு பெண் கல்யாணமாகாமல் இருந்தால் தூக்கம் வராதவள் பலோம்பாவின் அம்மா.

"எடுத்துக்கோங்கடா," என்று கழற்றினாள். "மனசாரத்தான் குடுக்குறேன். என் மூஞ்சியப் பாக்காதீங்க ரபி, மூஞ்சி எப்பவும் இப்படித்தான்."

மோதிரம் ஓட ஆரம்பித்தது. மாப்பிள்ளை பெண்ணுக்குப் போட, அவள் அடுத்த மாப்பிள்ளைக்குக் கொடுக்க, மூன்றாமவன் கீழே போட, ஐந்து மாப்பிள்ளைகளும் பெஞ்சுக்கடியில் தவழ்ந்தார்கள். ரபியே கண்ணில் நீர் வரச் சிரித்தார். கடைசியில் அது பத்தொன்பது வயது லூனாவின் விரலில் நின்றது.

கல்யாண இனிப்பாகச் சர்க்கரைப் பாதாம் கொடுக்கும்போது லூனா கையைப் பொத்திக்கொண்டே வந்தாள்.

"அக்கா, திருப்பிக் குடுத்துடுன்னு எல்லாரும் சொல்றாங்க."

"நீ என்ன சொல்றே?"

"எங்கம்மாவோடதுன்னு ஒரு ஊசிகூட எங்கிட்ட இல்லக்கா. யாராவது கேட்டா, இது எங்கம்மா மோதிரம்னு சொல்லிக்கட்டுமா?"

பலோம்பா சிரித்துவிட்டாள்.

"சொல்லிக்கோடி. பேரு கிளாரா. ஆனா அம்மாவ முழுசா வாங்கிக்கணும், ஆமா! பீன்ஸ் வச்சா உப்புக் கரிக்கும். குறை சொன்னா கரண்டி பறந்து வரும்."

"எந்தக் கையால வீசுவாங்க?"

"இடது கை. குறி தப்பவே தப்பாது."

"கிளாரா. உப்பு. இடது கை," என்று லூனா பாடம் ஒப்பிப்பதுபோலச் சொல்லிப் பார்த்தாள். "இன்னும் சொல்லுங்கக்கா."

மூன்று வருஷமாகப் பலோம்பாவிடம் அம்மாவைப் பற்றி யாரும் கேட்டதில்லை. அவர்கள் இருவரின் புது மாப்பிள்ளைகளும் வாசலில் காத்துக் கிடந்தார்கள். அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.