வதாத் நிமிடம்

விசிலை வாயில் வைத்துக்கொண்டே வதாத் காப்பி குடிக்கிறாள். உதட்டின் இடது மூலைக்கு விசில், வலது மூலைக்குக் கோப்பை. எல்மீனா துறைமுகத் தெருவில் அவளுடைய தூண்டில் கடை. மீன்பிடி நரம்பு பத்து மீட்டர் கேட்டால் பத்தரை அளந்து வெட்டுவாள். "கடல யாரு அளந்து பாத்தா? வச்சுக்க" என்பாள். மாலை நாலரைக்குக் கடையைச் சாத்திவிட்டு எதிரே உள்ள ஆடுகளத்துக்குப் போய்விடுவாள். ஆகஸ்டு முழுக்க அங்கே பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து முகாம்.

அந்த முகாம் பிறந்ததே ஒரு சண்டையில்தான். இருபத்தாறு கோடைகளுக்கு முன் பதினொரு பிள்ளைகள் அவள் கடைக் கதவில் பந்தடித்து விளையாடினார்கள். மூன்று நாள் திட்டித் தீர்த்தாள். நான்காம் நாள் படகு கட்டும் ஃபாயெஸைப் பிடித்து, பழைய பாய்மரக் கம்பம் ஒன்றில் இரும்பு வளையத்தைப் பூட்டச் சொல்லி, எதிரே இருந்த காலி மனையில் நட்டுவிட்டாள். "இனிமே அந்தக் கம்பத்து உசுர வாங்குங்க" என்றாள். மறு வருஷம் முப்பது பேர் வந்தார்கள். மூன்றாம் வருஷம் பெண்பிள்ளைகளும் சேர்ந்தார்கள். இப்போது நூற்று நாற்பது பேர், சிமெண்டுத் தரை, நேரம் காட்டும் பெரிய மின்பலகை. மின்சாரம்தான் அந்த நேரத்தில் இருப்பதில்லை. அதனால் ஆட்டத்தின் நேரம் முழுவதும் வதாத் கையிலிருக்கும் ஸ்டாப்வாட்சில்.

முகாமின் கடைசி நாள் ஊரே களத்தில் நிற்கும். ஒரு பக்கம் இந்த வருஷப் பிள்ளைகள். மறுபக்கம், முன்பு இதே முகாமில் ஆடிவிட்டு சிட்னிக்கும் மொன்றியாலுக்கும் பிழைக்கப் போய், விடுமுறைக்கு வந்திருப்பவர்கள். வென்ற அணியின் பெயரைப் படகுக்கு அடிக்கும் நீலச் சாயத்தால் சுவரில் எழுதுவார்கள். சுவர் முழுக்க ஒரே பெயர்தான்: 'வந்தவர்கள்'.

தோற்கும் பிள்ளைகளுக்காக வதாத் கடைசி நிமிடத்தை இழுப்பாள். அவள் கையில் அறுபது விநாடி தொண்ணூறாகும். ஒரு முறை நூற்றிருபதைத் தொட்டது. எல்மீனாவில் மாப்பிள்ளை வீட்டார் வரத் தாமதமானால், "வதாத் நிமிஷத்துல வந்துருவாங்க" என்று சிரிப்பார்கள். அத்தனை இழுத்தும் பிள்ளைகள் ஒரு தடவைகூட வென்றதில்லை. அது அவளுக்குத் தீராத ஆத்திரம். "இங்க தோக்குதுங்க, வெளிநாட்டுக்குப் பறக்குதுங்க, ஜெயிக்கறதுக்குன்னே திரும்பி வருதுங்க. இருக்கறவங்க ஒரு தடவ ஜெயிச்சா வானமா இடிஞ்சு விழும்?"

இந்த ஆகஸ்டில் வானம் கொஞ்சம் ஆடத்தான் செய்தது. பிள்ளைகளின் தலைவி லமீஸ், பதினான்கு வயது, வலை பின்னுகிறவர் மகள். நெட்டை ஆள்கள் இருவருக்கு நடுவே புகுந்து அவள் போட்ட கூடையால் பிள்ளைகள் ஒரு புள்ளி முன்னால் போனார்கள். வதாத் வாட்சைத் தூக்கிப் பிடித்தாள். "கடைசி நிமிஷம்" என்று கத்தினாள்.

ஆட்டம் தொடங்கிவிட்டது. பழக்கதோஷத்தில் அவள் கட்டைவிரல் மட்டும் அசையவில்லை. எட்டு விநாடி ஓடியிருக்கும், பிறகுதான் வாட்சை அழுத்தினாள். அழுத்தியதும் பகீரென்றது. முன்னால் இருப்பவர்கள் பிள்ளைகள். இழுத்த நேரம் எதிரணிக்கல்லவா போகிறது!

பந்து நதீர் கைக்குப் போனது. அவன் அவளுடைய சொந்தத் தங்கை மகன், சிட்னியில் லாரி ஓட்டுகிறான். அவன் எறிந்தால் தப்பாது என்பது ஊருக்கே தெரியும். அவன் எம்பத் தயாரானபோது வாட்ச் ஐம்பத்திரண்டு காட்டியது; விட்ட எட்டையும் சேர்த்தால் அறுபது. வதாத் வாட்சை நிறுத்தி, கன்னம் புடைக்க விசிலை ஊதினாள். அதன் பிறகே பந்து அவன் கையை விட்டுப் போய் வளையத்துக்குள் விழுந்தது. நடுவர் கையை ஆட்டிச் செல்லாது என்றார்.

பிள்ளைகள் லமீஸைத் தூக்கிவிட்டார்கள். யாரோ நீலச் சாயம் கொண்டுவர ஓடினார்கள்.

நதீர் நேராக அவளிடம் வந்தான். "பெரிம்மா, இதென்ன அநியாயம்? இன்னும் நிமிஷம் ஆகல."

"ஆச்சுடா."

"ஒங்க நிமிஷம் எனக்குத் தெரியாதா? பதினோரு வயசுலேருந்து பாக்குறேன். இன்னும் அர நிமிஷமாவது பாக்கி இருக்கணும்."

"நெசந்தான்" என்றார் பக்கத்தில் காப்பி விற்றுக்கொண்டிருந்தவர். "வதாத் இவ்வளவு சுருக்கா ஊதி நான் பாத்ததே இல்ல."

ஆயுசில் முதல் தடவையாக ஒரு நிமிடத்தைச் சரியாக முடித்திருக்கிறாள். அதை நம்ப ஊரில் ஒரு ஆள் இல்லை. கையிலிருந்த வாட்சோ ஐம்பத்திரண்டில் நின்றுகொண்டிருந்தது.

"வாட்சக் காட்டுங்க பெரிம்மா" என்று நதீர் கையை நீட்டினான்.

அவனுக்குப் பின்னால் பிள்ளைகளின் தோள்மேல் லமீஸ் ஆடிக்கொண்டிருந்தாள். வதாத் ஒரு கணம் அவளைப் பார்த்தாள்.

"தாராளமாப் பாரு" என்றாள். கட்டைவிரலால் பொத்தானை ஒரு அழுத்து அழுத்தி, எல்லாம் சுழியமாகிவிட்ட வாட்சை அவன் உள்ளங்கையில் வைத்தாள்.